தராவா, 1943: படகுகள் பவளத்திட்டில் தட்டி நின்றது ஏன்?

கலங்கரை (கேள்வி):
பசிபிக் போரில் 1943 நவம்பர் 20 முதல் 23 வரை, கில்பர்ட் தீவுகளில் ஒன்றான தராவா என்னும் பவளத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த, ஜப்பானியர் வசமிருந்த பெத்தியோ என்னும் சிறு தீவில் நடந்த சண்டையைப் பற்றிப் படித்து வருகிறேன். சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள அத்தீவின் விமான ஓடுதளத்துக்காக ஆயிரம் அமெரிக்கர்கள் வரை மாண்டிருக்கிறார்கள். அவர்களுடைய படகுகள் கரைக்கு வெகு தொலைவிலேயே பவளத்திட்டில் சிக்கிக்கொண்டனவாம். அவ்வளவு பெரிய கடற்படை ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, கணக்கிடாமலா வந்தது? மேலும், ஜப்பானியரின் எட்டு அங்குலப் பீரங்கிகள் சிங்கப்பூரில் கைப்பற்றப்பட்டவை என்பது உண்மையா?

நெய்தல்:
கணக்கிட்டார்கள், ஆனால் அரைகுறையாகக் கணக்கிட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறும், அஷ்டமியை ஒட்டி மெலியும் என்பது கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததே. தாக்குதல் தொடங்கிய நாள் தேய்பிறை அஷ்டமியை ஒட்டியது. போதாக்குறைக்கு, அப்போது நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவான நிலையை நெருங்கியிருந்தது என்பதை 1987இல் டொனால்டு ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். நிலவு தொலைவில் இருந்தால் ஓதம் மேலும் மெலியும். இரண்டும் சேர்ந்ததால் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. திட்டின்மீது ஐந்தடி நீர் இருக்கும் என்று நம்பிவந்த படகுகள் மூன்றடி நீரில் தரைதட்டின. முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர்கள், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நீரில் நடந்து கடந்தார்கள். அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஃபிராங்க் ஹாலந்து என்ற நியூசிலாந்துக்காரர் மூன்றடிதான் இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத செய்தி.

பழைய ஏடு:
பீரங்கிக் கதை நெடுங்காலமாக எல்லா நூல்களிலும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அது தவறு. அவை பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் 1905இல், ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, ஜப்பானுக்கே விலைக்கு விற்றவை. துருப்பிடித்த நிலையில் இன்றும் அந்தக் கரையிலேயே கிடக்கின்றன.

கலங்கரை:
நன்றி. அப்படியானால் பழி முழுவதையும் நிலவின்மீது போட்டுவிடலாமா?

தோணித்துறை:
நான் அப்படிப் போட மாட்டேன். திட்டின்மீது ஊர்ந்து ஏறக்கூடிய நீர்நிலக் கவச வண்டிகள் 125 இருந்தன. முதல் மூன்று அலைகளில் சென்றவை கரையைத் தொட்டன. பின்னால் வந்தவர்களுக்கு அவை இல்லாததால்தான் படகை நம்ப வேண்டியதாயிற்று. இன்னொன்று, கப்பல்களின் குண்டுவீச்சு நின்றதற்கும் படகுகள் கரையை நெருங்கியதற்கும் இடையே விழுந்த இடைவெளி. தென்னங்கட்டைகளையும் மணலையும் குவித்துக் கட்டிய பதுங்கறைகளில் உயிரோடு இருந்த ஜப்பானியர்கள், தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைக்கு ஆள்களை மாற்றிக்கொள்ள அந்த நேரம் போதுமானதாக இருந்தது. தாக்குதலை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதும் எளிதன்று. அடுத்து மார்ஷல் தீவுகளைத் தாக்க வேண்டும் என்ற அட்டவணை பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தின் நிலை இன்னும் கொடியது: காவலிருந்த சுமார் 4,700 பேரில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியர்கள் 17 பேர், கொரியத் தொழிலாளர்கள் 129 பேர். இரண்டே மாதங்களுக்குப் பிறகு மார்ஷல் தீவுகளில் உள்ள குவாஜலீனில் இறங்கியபோது, நீந்திச் சென்று திட்டின் ஆழத்தை நேரில் பார்த்துவருவதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றை அமெரிக்கக் கடற்படை அனுப்பியது.