பழைய சிஆர்டி மானிட்டர் பவர் சப்ளை 'டிக் டிக்' என்கிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 14 அங்குல விஜிஏ சிஆர்டி (படக்குழாய்) மானிட்டர் ஒன்றைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். சுவிட்சைப் போட்டால் படம் வருவதில்லை. பவர் சப்ளையிலிருந்து விட்டுவிட்டு 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, முன்பக்க எல்இடியும் கூடவே மினுங்குகிறது.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் 320 வோல்ட் டிசி நிலையாக நிற்கிறது, ஆக பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) வரை பிரச்சினை இல்லை. (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதில் சார்ஜ் தங்கும். பக்கத்தில் கை வைப்பவர்கள் முதலில் டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள்.) சப்ளையை இயக்கும் கன்ட்ரோல் ஐசி யூசி3842. அதற்கு மின்சாரம் வரும் 7-ஆம் பின்னில் வோல்டேஜ் 16 வரை ஏறி, 10-க்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. அதாவது ஐசி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஓட முடியாமல் நின்றுவிடுகிறது. அந்தப் பின்னுக்கான சிறிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை மாற்றியாயிற்று, பலனில்லை. கதிரைக் கிடையாக ஓட்டும் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றி அளந்தேன், ஷார்ட் இல்லை. சப்ளையின் செகண்டரி (வெளியீட்டுப் பக்க) டயோடுகளும் சரி.

ஃப்ளைபேக் (படக்குழாய்க்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ளே ஷார்ட் ஆகியிருக்குமோ என்பதுதான் என் கவலை. மற்ற பாகங்களை எப்படியாவது தேடிப் பிடிக்கலாம், இது கிடைப்பது ரொம்பக் கடினம். ரிங் டெஸ்டர் (காயிலில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) இல்லாமல் இதை உறுதிசெய்ய வழி உண்டா? அப்புறம், ஃப்ளைபேக்குக்குப் போகும் பி பிளஸ் (முக்கிய டிசி சப்ளை) லைனைத் துண்டித்து, 60 வாட் குண்டு பல்பை லோடாகப் போட்டுப் பார்க்கலாமா? ஹரிசான்டல் ஓடாவிட்டால் சப்ளையே சரியாக இயங்காத டிசைன்களும் உண்டு என்பதால் தயங்குகிறேன்.

படக்குழாயில் ஒரு தழும்புகூட இல்லை. எழுத்துகள் அவ்வளவு கூர்மையாகத் தெரிந்த மானிட்டர், இதைப் பாகங்களுக்காகப் பிரிக்க மனம் வரவில்லை. இதே கோளாறைப் பார்த்தவர்கள் அடுத்து எங்கே அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.