ஃபிளாப்பியில் ஸ்டிக்கர் ஒட்டிய காலம்: என் அனுபவம்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமித்த ஃபிளாப்பி டிஸ்க்கில் எதையும் எழுத முடியாதபடி பூட்டுவதற்கு ரைட் புரொடெக்ட் என்று பெயர். வைரஸ் நினைத்தால் அதையும் தாண்டி எழுதிவிடும் என்று இணையத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். சாதாரண பிசி டிரைவில் அது நடக்காது அண்ணே. 90களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் ஒரு சின்னக் கடையில் டிரைவ் கழற்றி மாட்டுவதுதான் எனக்கு வேலை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

5.25 அங்குல ஃபிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அது திறந்திருந்தால் எழுதலாம். பெட்டியோடு வரும் கறுப்பு ஸ்டிக்கரை மடித்து ஒட்டி மூடிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். டிரைவுக்குள் அந்த இடத்தில் ஒரு குட்டி ஸ்விட்சோ ஒளி சென்சாரோ இருக்கும், வெட்டு மூடியிருப்பது தெரிந்ததும் டிரைவின் சர்க்யூட்டே எழுதுவதை நிறுத்திவிடும். கம்ப்யூட்டருக்குத் தகவல் போவதெல்லாம் தனி, அதை வைத்துத்தான் டாஸ் (அந்தக் கால இயக்க மென்பொருள்) 'ரைட் புரொடெக்ட் எரர்' என்று கத்தும். டாஸை ஒதுக்கிவிட்டு வைரஸ் நேராக டிரைவிடம் போய்க் கேட்டாலும் ஒன்றும் நடக்காது. (நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஸ்டிக்கர் பசை விட்டு டிரைவுக்குள்ளேயே தங்கிவிடும், சாமணம் போட்டு எடுத்திருக்கிறேன்.)

தேக்காவில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் கணக்கு டிஸ்க்கைக் கொண்டுவந்து, "பூட்டித்தானே வச்சேன், எப்படித் தம்பி அழிஞ்சுது?" என்று கேட்டார். பார்த்தால் வெட்டின் மேல் செலோடேப். எங்கள் மேசையில் இருந்த பழைய டிரைவில் போட்டோம், எழுத மறுத்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றில் தாராளமாக எழுதியது. முதலாவது ஸ்விட்ச் வகை, டேப் தடுத்தாலே அதற்குப் போதும். இரண்டாவதில் ஒளி சென்சார், கண்ணாடி போன்ற டேப்பைத் தாண்டி வெளிச்சம் போனால் வெட்டு திறந்திருப்பதாகத்தான் அது நினைக்கும். பெரியவருக்கு நம்பவே மனசில்லை, திரும்பவும் போட்டுக் காட்டச் சொன்னார்.

அப்புறம் 3.5 அங்குலம் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அதில் மூலையில் உள்ள சின்ன மூடியைத் தள்ளி ஓட்டையைத் திறந்தால்தான் பூட்டு. 5.25க்கும் முந்தைய 8 அங்குலத்திலும் மூடினால்தான் எழுத முடியும், நடுவில் வந்த 5.25 மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடித்ததோ!

1992 மார்ச்சில் மைக்கலாஞ்சலோ வைரஸ் பீதி கிளம்பியபோது எல்லோரும் ஓடிவந்து டிஸ்க்குகளைப் பூட்டினார்கள். ஏற்கெனவே வைரஸ் ஏறிய டிஸ்க்கைப் பூட்டி என்ன பயன்? அதை டிரைவில் விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்தால் பூட் செக்டரிலிருந்து (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் படிக்கும் டிஸ்க் பகுதி) வைரஸ் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும், பூட்டு டிஸ்க்குக்குள் எழுதுவதைத்தான் தடுக்கும், டிஸ்க்கில் இருப்பது வெளியே போவதை அல்ல. கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் சுத்தமான பூட் டிஸ்க் ஒன்றை முன்னாலேயே பூட்டி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பழைய டிஸ்க்குகளை இப்போது காப்பி எடுக்கப் போகிறவர்களும் முதலில் பூட்டிவிடுங்கள். விண்டோஸ் 95இல் பூட்டாத ஃபிளாப்பியைச் சும்மா திறந்து பார்த்தாலே விண்டோஸே பூட் செக்டரில் தன் அடையாளத்தை எழுதிவிடும்.