வாங் ஹானின் கடைசி இரண்டு வரி: அழுகையா, வேடிக்கையா?

குமரன்:
சீனாவில் தாங் அரச மரபு ஆண்ட காலத்து (7–10ஆம் நூற்றாண்டு) எல்லைப்புறக் கவிதைகளில் எனக்கு முதலிடம் வாங் ஹானின் 'லியாங்சோ பாட்டு'. நாலே வரி. திராட்சை மது, இரவில் ஒளிரும் கிண்ணம். குடிக்கப் போகையில் குதிரை மேலிருந்து பிபா என்ற தந்தி வாத்தியத்தின் நரம்புகள் அவசரப்படுத்துகின்றன. போதையில் போர்க்களத்து மணலில் விழுந்து கிடந்தால் சிரிக்காதீர்கள். பழங்காலம் தொட்டுப் போருக்குப் போனவர்களில் திரும்பியவர் எத்தனை பேர்?

பலரும் இதை ஒப்பாரியாகவே வாசிக்கிறார்கள். வெகு பின்னால் வந்த சிங் அரச மரபுக் காலத்து விமர்சகர் ஷீ புஹுவா சொன்னதுதான் சரி: சோகமாக வாசித்தால் ஆழமில்லை, வேடிக்கைப் பேச்சாக வாசித்தால் அருமை.

தேன்மொழி:
என்னால் ஏற்க முடியவில்லை. ஷீ புஹுவாவுக்கு நூறு ஆண்டுக்கும் முன்பே விமர்சகர் ஷென் தெச்சியான் (1673–1769) இதே பாட்டைப் பற்றி எழுதிவிட்டார்: வேண்டுமென்றே குடிப்பேச்சாக எழுதியிருக்கிறார், ஆனால் துயரம் உச்சத்தில் இருக்கிறது என்று. சாகப் போகிறவனின் சிரிப்பை ரசிப்பது நமக்குச் சுலபம், நாம் போகப் போவதில்லை.

இன்னொன்று. தாங் கவிஞர் காவ் ஷி 738இல் எழுதிய 'யான் பாட்டில்' முன்னணி வீரர்களில் பாதிப் பேர் செத்துக்கொண்டிருக்க, கூடாரத்தில் அழகிகள் ஆடிப் பாடுகிறார்கள். யாருக்குக் கொண்டாட்டம், யாருக்குச் சாவு என்று அவர் சொல்லிவிடுகிறார். வாங் ஹானிடம் அந்தக் கேள்வியே இல்லை. ஒளிரும் கிண்ணம் சாதாரணச் சிப்பாய்க்கு எங்கே கிடைக்கும்?

குமரன்:
காவ் ஷி குற்றம் சாட்டுகிறார், அது அவர் பலம். அதற்காக எல்லாக் கவிஞரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டுமா? முதல் இரண்டு வரியில் எவ்வளவு ஒளி, எவ்வளவு ஓசை! மூன்றாம் வரியில் அழத் தொடங்கினால் அத்தனையும் வீண். சாவு தெரிந்தே விளையாட்டாகப் பேசுகிறான், அதில்தான் அவன் கம்பீரம்.

அகிலன்:
நடுவில் வருகிறேன். இன்னொரு தாங் கவிஞர் த்சென் ஷென்னை மறந்துவிட்டீர்கள். 754இல் வடமேற்கு எல்லையிலிருந்த பெய்திங்குக்குப் போய்ப் பணியாற்றியவர். ஒரே இரவில் வசந்தக் காற்று வந்து ஆயிரமாயிரம் பேரி மரங்கள் பூத்ததுபோல் பனி என்கிறார். அதே கவிதையில் தளபதியின் வில்லை வளைக்க முடியவில்லை, இரும்புக் கவசத்தை அணிய முடியாத குளிர். அழகையும் வதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், எதையும் விளையாட்டாக்கவில்லை. என் ருசிக்கு அதுதான் மேல்.

தேன்மொழி:
சரி அகிலன், அந்தக் கவிதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஒரு சக அதிகாரியை வழியனுப்பும் கவிதை. அங்கேயும் விருந்து, மது, பிபா எல்லாம் இருக்கின்றன. விருந்துக்குரியவர் தலைநகருக்குத் திரும்புகிறார். வாங் ஹானின் வீரன் போவது போர்க்களத்துக்கு. ஒரே விருந்தை இரண்டு பேரும் ஒரே மனதோடு குடித்திருக்க முடியாது. குமரன் சொல்லும் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. அதை வேடிக்கை என்று சொல்லத்தான் மனம் வரவில்லை.