வெனிஸ்: படி ஏற முடியாத அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது?

கேள்வி:
வணக்கம். மே மாதம் நானும் அம்மாவும் மிலானில் இருந்து ரயிலில் வெனிஸ் போகிறோம், இரண்டு இரவு. அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் அரைமணி நேரம்கூட நடப்பார். படி என்றால்தான் முழங்கால் தாங்காது. சான் மார்க்கோ பகுதியில் அறை போட்டுவிட்டேன். இப்போது வரைபடத்தைப் பார்த்தால் வழியெல்லாம் பாலம், எல்லாவற்றிலும் படி. ஊருக்குள் கார் ஓடாதாமே? அறையை ரத்து செய்ய நாலு நாள் இருக்கிறது. ரத்து செய்துவிட்டு, தண்ணீருக்கு இந்தப் பக்கம் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கலாமா? வெனிஸுக்குள் போக வாங்கும் நுழைவுக் கட்டணம் வேறு குழப்புகிறது.

பதில் 1:
அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள் தம்பி. நிலையத்தில் இருந்து நடந்தால்தான் அத்தனை பாலமும். கடைசி நிறுத்தமான சாந்தா லூசியாவில் இறங்குங்கள், மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள். வாசல் படிக்கட்டை மட்டும் மெதுவாக இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. வபோரெத்தோ என்கிற படகுப் பேருந்தில் 1ஆம் எண் பெரிய கால்வாய் முழுக்கப் போகும், சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம். ரியால்தோ பாலத்தின் அடியிலேயே போவதால் அதையும் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம். ஒரு தடவைக்கு 9.50 யூரோ, 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ. உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: படகுத்துறைக்கும் விடுதி வாசலுக்கும் நடுவில் எத்தனை பாலம்?

பதில் 2:
நான் அப்பாவோடு மெஸ்த்ரேயில் தங்கினேன். அறை மலிவு. ஆனால் தினமும் பேருந்தில் அதன் கடைசி நிறுத்தமான பியாத்சாலே ரோமா வந்து, அப்புறம் படகு. சாயங்காலம் கூட்டம் வடிந்து சான் மார்க்கோ சதுக்கம் அமைதியாகும் நேரத்தில் நாங்கள் திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தோம். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். உள்ளேயே தங்குங்கள்.

கட்டணம், பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட நாட்களில்தான். வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்கினால் கிடையாது, மெஸ்த்ரேயும் அதில் சேர்த்தி. ஆனால் அந்த நாட்களில் விலக்குக்கு இணையத்தில் பதிந்து கியூஆர் கோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. விடுதியில் கேட்டேன். எந்தத் துறையில் இறங்கினாலும் இரண்டு பாலமாம். அறை இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை.

பதில் 1:
அப்படியென்றால் ரத்து செய்துவிடுங்கள். இத்தாலியில் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், நம்மூர் போலத்தான். இரண்டு மாடியும் முழுசாக ஏற வேண்டும். சான் மார்க்கோ வல்லாரெஸ்ஸோ துறைக்குப் பக்கத்தில் தேடுங்கள். அங்கிருந்து நேரே உள்ளே போகும் சந்து வழியாகச் சதுக்கத்துக்குப் பாலமே இல்லாமல் போகலாம். தண்ணீர் ஓரமாகப் போனால் ஒரு பாலம் குறுக்கிடும். சான் சக்காரியா துறையில் இறங்கினாலும் அப்படித்தான், பாலம் ஏறாமல் சதுக்கம் வர முடியாது.

அம்மாவைச் சதுக்கத்தில் இருக்கும் மணிக்கோபுரத்துக்கு (கம்பனீலே) கட்டாயம் கூட்டிப் போங்கள். 1902இல் இடிந்து விழுந்து, 1912இல் மறுபடி கட்டி முடித்த கோபுரம். மேலே போக லிஃப்ட் இருக்கிறது. படி ஏறாமலே ஊர் முழுவதையும் பார்த்துவிடுவார்.

கேட்டவர்:
வல்லாரெஸ்ஸோ பக்கம் லிஃப்ட் உள்ள அறை கிடைத்துவிட்டது அக்கா. வாசல் வரை ஒரு பாலமும் இல்லை என்று எழுதியே வாங்கிவிட்டேன். இரவுக்கு 30 யூரோ கூடுதல், பரவாயில்லை. அம்மாவிடம் லிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன், இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டார்.