டைகோகிராஃபி படத்தில் வலை மாதிரி கோடுகள்: யாராவது வழி சொல்லுங்களேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே டைகோகிராஃபி செய்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

புதியவர்களுக்காக: இதில் எக்ஸ்ரே கற்றையை மாதிரியின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும் புள்ளிகளாக நகர்த்திப் பதிவு செய்வோம். மாதிரிக்குப் பின்னால் படம் பிடிக்கும் லென்ஸே கிடையாது. டிடெக்டரில் விழும் விளிம்பு விளைவுக் கோலத்தில் செறிவு மட்டும்தான் பதிவாகும், ஃபேஸ், அதாவது அலையின் கட்டம், தொலைந்துவிடும். அதைக் கணினிதான் மீட்க வேண்டும். 2017இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் இன்டெல் சிப்பின் உட்கம்பிகளை 14.6 நானோமீட்டர் நுணுக்கத்தில் முப்பரிமாணமாகப் பார்த்தது இந்த வழியில்தான்.

என் தரவு சதுர வரிசையில் ஸ்கேன் செய்தது, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு 65 சதவீதம் மேற்பொருத்தம். ஃபேஸை மீட்கும் ePIE நிரலை ஓட்டினால், சோதனை மாதிரியான நட்சத்திர வடிவத் தங்கக் கோலத்தின் ஆரங்கள் அழகாகவே வருகின்றன. ஆனால் அதன் மேல் சன்னமாக ஒரு வலை, இழை இடைவெளி சரியாக ஸ்கேன் படியின் அளவு! நிரலின் சுற்றுகளைக் கூட்டினாலும் அசையவில்லை.

சதுர வரிசைக்குப் பதில், சீரான வலை அமையாத சுருள் பாதையில் மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்பது தெரியும். எக்ஸ்ரே கற்றையைப் பயன்படுத்தும் நேரம் (பீம்டைம்) இப்போதைக்குக் கிடைக்காது, அதுதான் தொல்லை. இருக்கிற தரவிலேயே ஸ்கேன் புள்ளிகளின் இடத்திருத்தம் செய்தால் வலை போகுமா, இல்லை புரோபை (மாதிரியில் விழும் கற்றையின் வடிவத்தை) முதல் சில சுற்றுகளுக்கு மாற்றாமல் வைப்பதா? எதை முதலில் தொடுவீர்கள்? தரவில் ஒரு துண்டு அனுப்பத் தயார்.