ஒரே காயிலிருந்து எடுத்த ஐரிஸ் விதைகள்: சில முளைத்தன, சில அசையவே இல்லை

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஒன்பதாம் மாடி. தாழ்வாரத்தில் காலை வெயில் மட்டும்தான்.

எதிர் புளோக் அக்கா பிளாக்பெர்ரி லில்லி காய் ஒன்று கொடுத்தார். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி போட்ட பூ. லில்லி என்று பெயர் இருந்தாலும் இது ஐரிஸ் என்ற பூச்செடி இனம்தான். 2005இல் தாவரவியல் பெயரையே ஐரிஸ் டொமெஸ்டிகா என்று மாற்றிவிட்டார்கள். காய் வெடித்ததும் உள்ளே மிளகு மாதிரி கருகருவென்று 22 விதை. பார்க்கவே அவ்வளவு அழகு!

11 விதையை ஒருநாள் ஊறவைத்து நேரே மண்ணில் போட்டேன். பதினெட்டாம் நாள் 3 முளை, விசிறி மடித்த மாதிரி தட்டையாக. ஐந்து வாரம் கழித்து இன்னும் 2. மீதி 6 அப்படியே கிடக்கின்றன. ஒன்றைத் தோண்டி அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி கெட்டி, அழுகவில்லை.

மற்ற 11 ஈர டிஷ்யூவில் சுற்றி ஃபிரிட்ஜில், நான்காவது வாரம். குளிர்நாட்டு ஐரிஸ் விதைக்குக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும், சிலது அடுத்த வருடம்கூட முளைக்கும் என்பது தெரியும். நம் ஊர் வெக்கையில் இந்த வகைக்கு அது தேவையா?

முளைக்காத ஆறையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றலாமா, மண்ணிலேயே விடலாமா? தோலை லேசாக உரசிவிட்டால் பலன் உண்டா? ஏடிஸ் கொசுவுக்குப் பயந்து தட்டில் தண்ணீர் நிற்க விடுவதில்லை, மண் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அதுதான் காரணமோ?

இங்கே விதையிலிருந்து வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நாளில் முளைத்தது என்று சொல்லுங்களேன்.