உதவி தேவை: காய்கறி வைத்ததிலிருந்து பறவையின் எச்சம் தண்ணீராகப் போகிறது

அல்சூர்வாசி:
வணக்கம். நேற்று மாலை முதன்முறையாக எங்கள் வீட்டுப் பறவைக்குக் காய்கறி நறுக்கி வைத்தோம். இன்று காலையில் கூண்டின் அடியில் விரித்திருந்த செய்தித்தாள் முழுவதும் நனைந்திருக்கிறது. மகள் அழுகையை நிறுத்தவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?

நீலச்சிறகு:
எந்தப் பறவை, எந்தக் காய், பச்சையாகவா வேகவைத்தா என்று எதையும் நீங்கள் குறிப்பிடவில்லையே. பச்சைக்கிளி என்றால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கவே கூடாது. ஆனாலும் அதற்கு அஞ்சி மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

மொட்டைமாடி:
எனக்கு ஐயமே இல்லை, பூச்சிமருந்துதான் காரணம். சந்தையில் வாங்கிய கீரையை ஓடும் நீரில் பலமுறை அலசினீர்களா?

மூத்த வளர்ப்பாளர்:
இதே கேள்வி இங்கே மாதந்தோறும் வருகிறது. பழைய பதில்களைப் படிக்கும் பொறுமைதான் புதியவர்களுக்கு இல்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தினையும் தண்ணீரும் மட்டுமே கொடுத்து வளர்க்கிறேன். சிறு பறவைக்குக் காய்கறி தேவையே இல்லை.

நீலச்சிறகு:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை ஏற்க முடியாது. தானியம் மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் வாயும் புண்ணாவதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கேரட், குடைமிளகாய், பூசணி, முருங்கைக்கீரை ஆகியவை அந்தக் குறையைத் தீர்ப்பவை.

மூத்த வளர்ப்பாளர்:
குடைமிளகாயா? அடுத்துப் பச்சைமிளகாயும் கொடுக்கச் சொல்வீர்கள் போலிருக்கிறது.

நீலச்சிறகு:
கொடுக்கலாம். மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்கு எரிவதுபோலப் பறவைகளுக்கு எரிவதில்லை. ஆனால் பாலக்கீரையை அளவோடு கொடுக்க வேண்டும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது.

அல்சூர்வாசி:
மன்னிக்கவும், பதற்றத்தில் விவரங்களை விட்டுவிட்டேன். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கொடுத்த பட்ஜி, அதாவது வெளிநாட்டுச் சிறு கிளியினம் அது. வெள்ளரிக்காயை நிறையவும் கொத்தமல்லித் தழையைக் கொஞ்சமும் வைத்தோம். அவரைக்காய்க் காலம் என்பதால் அம்மா உரித்துக்கொண்டிருந்த அவரைப்பருப்பில் நாலைந்தை எடுத்து மகள் பச்சையாகவே வைத்துவிட்டாள். பறவை அதைக் கொத்தியதா என்று தெரியவில்லை.

கிளிக்கூடு:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சகோதரரே. வெள்ளரியில் பெரும்பகுதி நீர் என்பதால் அதைத் தின்ற பறவையின் எச்சத்தில் சிறுநீர் கூடும். நடுவில் பச்சைத் திரிபோல இருக்கும் மலம் உருக்குலையாமலும், அதன்மேல் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவும் இருந்தால் அது வயிற்றுப்போக்கு அன்று. ஆனால் வேகாத அவரை விதை நஞ்சாகக்கூடியது. பட்ஜியின் எடையே முப்பது, நாற்பது கிராம்தான் என்பதால் சிறிதளவையும் அலட்சியம் செய்யக் கூடாது. கூண்டில் விதை மிச்சமிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ, கூண்டை இளஞ்சூடாக மூடி உடனே பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லுங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைப்பவை. வெங்காயமும் பூண்டும் வேண்டாம். நம் ஊர்ப் பழச்சாறுக் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோவைக் கூண்டருகில்கூட வைக்காதீர்கள், அது பறவையைக் கொன்றுவிடும்.

மொட்டைமாடி:
பூச்சிமருந்தையும் மறந்துவிட வேண்டாம் என்று மீண்டும் சொல்கிறேன்.

அல்சூர்வாசி:
ஐந்து பருப்பு வைத்ததாக மகள் சொல்கிறாள். ஐந்தும் தட்டின் ஓரத்தில் முழுதாகக் கிடந்தன. திரி உருவோடுதான் இருக்கிறது, தினையும் தின்கிறது. வெள்ளரியை எடுத்துவிட்டுத் துருவிய கேரட் ஒரு சிட்டிகை வைத்தேன். மாலையில் மருத்துவரிடமும் காட்டப்போகிறோம். எல்லோருக்கும் நன்றி.